அந்த வருஷத்துக் கணக்கு

சாவி என்னிடம் இருக்கிறது, பதினாறு வருஷமாய்.
என் உள்ளங்கையைவிட நீளமான இரும்பு.
விசுவாசம் இருக்கிறதா என்று எவரும் கேட்டதில்லை;
கணப்பை மூட்டினாயா என்றுதான் கேட்பார்கள்.

யெல்சும். ஃப்ரீஸ்லாந்தின் வடக்கு ஓரம்.
கடலைவிடத் தாழ்ந்த வயல்களுக்கு நடுவே
மண் சுமந்து உயர்த்திய ஒரு மேடு.
மேட்டின்மேல் கோவில்.
ஞாயிறுதோறும் பதினொரு பேர்.
ஃபொக்கெ போனபின் பத்து.

வெங்காயக் கிடங்குக்கு வேலைக்கு வந்த
எரித்திரியர்கள் அறுபது பேர்
விளையாட்டரங்கின் உடைமாற்றும் அறையில் ஜெபித்தார்கள்.
ஈரச் சாக்ஸ் வாடைக்கு மேலே தூபம்.
மெஹாரி வந்து கேட்டான்:
பெஞ்சுகளை எடுத்துவிட முடியுமா?
நாங்கள் நின்று தொழுகிறவர்கள், விழுந்து வணங்குகிறவர்கள்.
அப்புறம், தயங்கி:
சுவரில் மாதாவின் படம் ஒன்று.

நவம்பர் கூட்டத்தில் காப்பி ஆறிப்போனது.
எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில்
படங்களையெல்லாம் சுத்தியலால் உடைத்து
சுண்ணாம்பு பூசிய சுவர் அது.
அந்த வெள்ளைதான் எங்களுக்குப் படம்.
நகரத்து ஆலோசகர் நாற்பது பக்க அறிக்கை அனுப்பியிருந்தார்:
திரை வையுங்கள், கிதார் வையுங்கள், கேக் விற்கலாம்.
பசி என்ற சொல்லைத் தேடினேன். இல்லை.
வொப்கெ எழுந்தார், நாலாவது பெஞ்சுக்காரர்:
"நம் முன்னோர் இதற்கு ஒப்புவார்களா?"

முன்னோர் அலமாரியில் இருந்தார்கள்.
கோவில் கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்தேன்.
கரை உடைந்த ஒரு கிறிஸ்துமஸ் வாரம்,
அவசரக் கிறுக்கல்:

வெள்ளம். மாடுகள் முப்பத்தெட்டு, உள்ளே கட்டியது.
மனிதர் எண்ணவில்லை.
பிரசங்கம் இல்லை.
இராப்போஜன அப்பம் எல்லாம் கொடுத்தாயிற்று.
திராட்சரசம் மேற்படி.
பெஞ்ச் ஏழு, எரிக்க.
சாணம் அள்ளிய கூலி இரண்டு கில்டர்.

சிட்ஸ்கெ சிரித்துவிட்டாள், மேற்படிக்கு.
வொப்கெ சிரிக்கவில்லை.
"எந்த ஏழு?" என்றார்.
அது எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆறுக்கு நாலு.
வொப்கெ டிராக்டரில் வந்தார்,
நாலாவது பெஞ்சை ஏற்றிக்கொண்டு போனார்.
இப்போது அது அவர் மாட்டுக்கொட்டகையில்;
ஞாயிறு காலையில் அதில் உட்கார்ந்து
ரேடியோவில் பிரசங்கம் கேட்கிறார்.
அவரைக் குறைசொல்ல என்னால் முடியாது.
அது கழன்ற இடத்தில் தரையிடுக்கெல்லாம்
பெப்பர்மிண்ட் காகிதங்கள்:
பிரசங்கம் நீண்டால் த்ரைன்ட்யெ அவருக்கு நீட்டியவை.
பொறுக்கி ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.
கொடுக்கத் துணிவில்லை.

மாதா சுவருக்கு வரவில்லை.
சக்கரம் வைத்த சட்டத்தில் வருகிறாள், போகிறாள்.
சக்கரம் மாட்டியது நான்; ஒன்று கிறீச்சிடுகிறது.
பிரசங்க மேடையில் வேதம் திறந்தபடியே.
அப்பம் அதே அடுமனையில்.
இறந்தவர் பெயர்களை வாசிக்கும் ஞாயிறன்று
அறுபது பேரும் செருப்பு கழற்றி வந்து நின்றார்கள்,
ஒரு சொல் புரியாமல்.
ஃபொக்கெயின் பெயருக்கு லெத்தெப்ரான் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.
அவள் அவரைப் பார்த்ததில்லை.
செருப்புக் குவியலைச் சுற்றித் தண்ணீர் குளம்கட்டியது,
துடைத்தேன்.

ஜனவரி ஏழு அவர்கள் கிறிஸ்துமஸ்.
பின்னிரவு மூன்று மணி, முழங்காலில் நெற்றிகள், முரசு.
உட்கார இடமில்லாமல் மேடைப் படியில் நான்.
மேட்டின்மேல் ஒரு டார்ச் ஏறி வந்தது.

வொப்கெ.
"புகைபோக்கி அடைத்திருக்கிறது, என் வீட்டிலிருந்தே தெரிகிறது."
வெளியே ஏணி போட்டு ஏறினார், குடைந்தார், இறங்கினார்.
வாசலில் நின்றார். பூட்ஸைக் கழற்றவில்லை.
மெஹாரி ஒரு துண்டு ஹிம்பாஷா ரொட்டியை நீட்டினான்.
வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.
"மாட்டுக்கு" என்றார்.

உள்ளிருந்து யாரோ திக்ரிஞாவில் கத்தினார்கள்.
கதவைச் சாத்து, சூடு போகிறது என்றிருக்க வேண்டும்.
அவரும் போகவில்லை,
நானும் சாத்தவில்லை.